ரேடியோவை விற்ற தாய். கிட்டார் கற்ற மகன்

தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. தையல் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகள் பல. அவற்றில் அநேகம், அதே தேனிச் சீமையில் பிறந்த ஒருவர் போட்ட மெட்டுகள்.

அவர்தான் இளையராஜா!

இசை அமைப்பாளராக அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டணத்தில் அவருக்கு முதலில் சோறு போட்ட வாத்தியங்களில் ஒன்று கிட்டார். ஆறு தந்திகள் கொண்ட மேல்நாட்டு வாத்தியம் அது. அதை அவர் கற்ற கதை, பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவரத் தவிக்கும் பெற்றோர் எல்லோரும் கேட்க வேண்டிய கதை.

பாட்டுக்காரக் குடும்பம்

1943-ம் ஆண்டு, பண்ணைப்புரம் என்ற மலையடிவாரக் கிராமத்தில் அவர் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் ராசய்யா. தகப்பனார் ராமசாமி. தாயார் சின்னத்தாயம்மாள்.

அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடியவர். நாட்டுப்புற மெட்டில், பாமர மக்களுக்குப் புரியும் சொற்களில் பாடுவார். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு முழங்கியது.

ராசய்யாவும் சிறு வயதிலேயே அண்ணன் குழுவில் சேர்ந்தார். பாஸ்கர், அமர் என்ற சகோதரர்களும் அதில் இருந்தார்கள். அந்த அமர்தான் பிற்காலத்தில் கங்கை அமரன். ஊர் ஊராய்ச் சென்றார்கள். கேட்டார்கள், பாடினார்கள். எல்லாம் காதால் வந்த வித்தை!

நானூறு ரூபாய்

1968-ல் சென்னைக்குப் போய் முயன்று பார்ப்பதென்று முடிவாயிற்று. கையில் காசு இல்லை. தாயார் யோசிக்கவில்லை. வீட்டில் இருந்த ரேடியோவை விற்றார். கிடைத்த 400 ரூபாயைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பினார்.

பாட்டை உயிராய் நேசித்த வீட்டில், ரேடியோவை விற்பது லேசான காரியமா?

இருபத்தைந்து வயதில் பாடம்

மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்ற இசை ஆசிரியர் இருந்தார். ராசய்யா அவரிடம் மாணவரானார். வயது 25.

மேல்நாட்டு இசையில் பாட்டை எழுதி வைக்கிறார்கள். ஐந்து கோடுகள் போட்டு, அவற்றின் மேல் புள்ளிகள் வைப்பார்கள். புள்ளி இருக்கும் இடம்தான் சுரம். அதன் வடிவத்தைப் பார்த்து, எத்தனை நேரம் ஒலிக்க வேண்டும் என்று அறியலாம்.

அதுவரை காதால் கேட்டே பாடியவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனைப் போல அதைக் கற்றார். பிறகு லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்திய கிட்டார் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றார்!

கட்டிங் மாஸ்டர் போல

படிப்பு வீண்போகவில்லை. சலீல் சவுத்ரி போன்றோரின் பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்தார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, ஏராளமான படங்களில் வேலை பழகினார்.

1976-ல் பஞ்சு அருணாசலம் "அன்னக்கிளி" படத்தில் வாய்ப்பளித்தார். "இளையராஜா" என்று பெயரும் வைத்தார். மண்வாசனை வீசிய அந்தப் பாட்டுகள் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தன.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் அளவு குறித்து வெட்டிக் கொடுத்தால், எத்தனை பேர் தைத்தாலும் பனியன் ஒன்றுபோல வரும். அதுபோல, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரத்தை இளையராஜா காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். கலைஞர்கள் பார்த்து வாசிப்பார்கள். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் நிலாப் பாட்டில் மனத்தைக் கவரும் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர்.

2025 மார்ச் 8-ந் தேதி, தாம் எழுதிய சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார் இளையராஜா. அப்போது அவருக்கு வயது 81.

குடும்பம் கொடுத்தது பாட்டு. அதை எழுதப் படிக்கக் கற்றது அவர் உழைப்பு. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த உயர்வு ஏது? இருபத்தைந்து வயதில் முதல் பாடம் படிக்க அவர் வெட்கப்படவில்லை. கற்க நினைப்பவர் எவருக்கும் வயது ஒரு தடையல்ல!