வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசியம்

தேசாபிமானமாவது அந்நியரை வெறுப்பதே என்று எண்ணுவார் சிலர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் பொருந்துமாவென்று ஆராயப் புகுவார்க்கு ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வாழ்க்கை நல்லதோர் உரைகல்லாகும். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தவருள் ஒருவரென அவரைத் தமிழ் மாணவராகிய நாம் அறிவோம். கப்பலோட்டத் துணிந்த நெஞ்சமும் ஏடுகளை ஆய்ந்த நெஞ்சமும் ஒன்றே.

1872 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், வக்கீல் தொழிலில் அமர்ந்தார். அக்காலத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பல் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. வாணிகத்தை இழந்த நாடு உரிமையையும் இழக்கும் எனக் கண்ட பிள்ளையவர்கள், 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கொன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவராயினார். 1907 இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது.

செல்வர் வாணிகத்தோடு அவர் சுதேசியம் நின்றதில்லை. 1908 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்க்குத் துணைநின்று வெற்றி தேடித் தந்தார். அவ்வாண்டு மார்ச்சு 12 ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். இராஜ நிந்தனைக்கு 20 ஆண்டும், சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியமைக்கு 20 ஆண்டும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பெற்றது. மேல் முறையீட்டில் அது குறைந்ததாயினும், கோயமுத்தூர்ச் சிறையில் அவ்வறிஞர் செக்கிழுக்க நேர்ந்தது. 1911 இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

இத்துணை இன்னலுற்றவர் ஆங்கிலேயரனைவரையும் வெறுத்திருப்பின் நாம் வியவோம். அவரோ அச்சிறைவாச காலத்திலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 1912 இல் விடுதலை பெற்றபின் வறுமை அவரைச் சூழ்ந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அதனை மீளப் பெற வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி உதவினார். அந்நன்றியை மறவாது, தம் மகனொருவர்க்கு அவர் பெயர் விளங்கப் பெயரிட்டார் பிள்ளையவர்கள். ஆதிக்கத்தை எதிர்த்தல் வேறு. மனிதரைப் பகைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அவர் சொல்லாற் கூறியதினும் செயலாற் காட்டியதே சிறப்பு.

கம்பெனி அழிந்தபின்னரும் அவர் சுதேசியம் அழிந்திலது. நம் பொருளை நாமே ஆக்குதலும், நம் முன்னோர் நூலை நாமே காத்தலும் ஒரே கடமையின் இரு கூறென அவர் கொண்டார் போலும். 1917 இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு வெளியிட்டார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' என நூல்களும் இயற்றினார்.

1936 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது 1947 இல். அதனைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. 2011 முதல் அந்நகர்த் துறைமுகம் அவர் பெயரைத் தாங்குகின்றது. பெயரிட்டுப் போற்றுதல் எளிது. எதிர்க்க வேண்டியதை அஞ்சாது எதிர்த்து, அவ்வெதிர்ப்பிடையேயும் நெஞ்சிற் பகை வளராது காத்தலே அரிது. மாணவ நண்பர்காள், அவ்வரிய செயலையன்றோ நாம் அவரிடத்துக் கற்றல் வேண்டும்!