அமிலச் சுவர் எழுப்பிய நுண்ணுயிர்

உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்தவர்களுக்கும், சலவைச் சோடாவைக் கரைத்த நீரில் கை நனைத்தவர்களுக்கும் காரத்தின் சுபாவம் நன்கு தெரியும். விரல்களுக்கிடையே வழவழவென்று நழுவும் அந்த உணர்ச்சியே, தோலின் மேலுள்ள எண்ணெய்ப் பசையைக் காரம் பற்றிக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி. கொழுப்பும் புரதமும் கூடிய மெல்லிய சவ்வொன்றினுள் தன் ஜீவனை வைத்துக் காக்கும் பாக்டீரியாவை இத்தகைய நீரில் இட்டால் அது நெடுநேரம் தரிக்காது என்றே எவரும் நினைப்பர். ஆயினும் கென்யாவின் மகாடி ஏரியிலும், மகாராஷ்டிரத்தில் விண்கல் வீழ்ந்து உண்டான பள்ளத்தில் தேங்கிய லோனார் ஏரியிலும், பி.எச். அளவு 10-ஐ ஒட்டி நிற்கும் நீரிலே, பாக்டீரியாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகின்றன.

அவற்றைத் தேடி அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டியதில்லை. 1968-ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், தம் நாட்டுக் கட்டடங்களோடு எவ்வகையிலும் ஒவ்வாத மறுமலர்ச்சிக் காலத்து மாளிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானிய விஞ்ஞானி கோக்கி ஹோரிகோஷி, மனிதருக்குள் இப்படி வேறு வேறு நாகரிகங்கள் உள்ளதைப்போல நுண்ணுயிர்களுக்குள்ளும் நாம் எட்டிப் பாராத ஓர் உலகம் இருக்கலாகாதா என்று எண்ணினார். ஊர் திரும்பியதும் சோடியம் கார்பனேட் சேர்த்த வளர்ப்பு நீரை முப்பது சோதனைக் குழாய்களில் ஊற்றி, தம் ஆராய்ச்சி நிலையத்து வளாகத்தில் அங்கங்கே எடுத்த மண்ணில் ஒவ்வொரு சிட்டிகை இட்டு, ஓர் இரவு 37 பாகை வெப்பத்தில் வைத்தார். மறுநாள் முப்பது குழாய்களிலும் பாக்டீரியாக்கள் செழித்திருந்தன. காரத்தை விரும்பும் உயிரொன்றை வெடர் என்பார் 1934-லேயே விவரித்திருந்தாலும், அதனை ஒரு விநோதமாக மட்டும் கருதி விட்டுவிட்ட விஞ்ஞானத்திற்கு, காலடி மண்ணிலேயே அத்தகைய ஜீவராசிகள் நிறைந்திருப்பதைக் காட்டிய பெருமை ஹோரிகோஷியையே சாரும்.

காரநீரில் வாழ்வதன் கஷ்டம் இன்னதென்று சிறிது விளக்கவேண்டும். பி.எச். அளவு ஒரு படி ஏறினால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. 7-லிருந்து 10-க்குச் சென்றால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். பெரும்பாலான பாக்டீரியாக்களோ, உணவை எரித்துக் கிடைக்கும் சக்தியால் இந்த அயனிகளைச் சவ்வுக்கு வெளியே தள்ளி, அவை மீண்டும் உட்புகும் வேகத்தைக் கொண்டே தம் ஜீவசக்தியைச் சம்பாதிப்பவை. வெளியே தள்ளியது காரநீரில் கலந்து மறைந்துபோகுமானால், திரும்பி வருவதற்கு என்ன இருக்கும்?

இங்கேதான் சவ்வுக்கு வெளியே அதைச் சூழ்ந்து நிற்கும் சுவரின் மகிமை புலப்படுகிறது. ஹோரிகோஷியின் குழுவினர் ஆராய்ந்த சி-125 என்னும் பாசில்லஸ் இனத்தில், சுவரின் அடிப்படை வலைப்பின்னல் சாதாரண மண் பாக்டீரியாவினுடையதைப் போன்றதே. ஆனால் அந்த வலையின்மேல் குளூட்டாமிக் அமிலம், குளூக்யூரோனிக் அமிலம், காலக்ட்யூரோனிக் அமிலம் முதலியன நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு அடர்ந்திருக்கின்றன. இவற்றின் எதிர்மின்னேற்றம் ஹைட்ராக்சைடு அயனிகளை அண்டவிடாமல் விலக்குகிறது. நேர்மின்னேற்றம் உடைய ஹைட்ரஜன், சோடியம் அயனிகளை ஈர்த்து நிறுத்துகிறது. வீட்டைவிட்டு வெளியே வந்தவர் தெருக்கூட்டத்தில் கலந்துவிடாமல் திண்ணையிலே சற்று அமர்ந்திருப்பதைப் போல, வெளித்தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனி சவ்வின் அருகிலேயே தங்குகிறது என்று கொள்ளலாம். வெளியே 10-க்கு மேற்பட்ட காரம் சூழ்ந்திருக்கையில், உயிரணுவின் உட்பகுதி 8-ஐ ஒட்டிய நிலையிலேயே காக்கப்படுகிறது.

இதை வெறும் ஊகமென்று எவரேனும் தள்ளிவிட எண்ணினால், 1999-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையை அவர்முன் வைக்கலாம். மேற்கூறிய அமிலச் சங்கிலிகளுள் ஒன்றாகிய டைக்யூரோனோபெப்டைடைச் செய்ய இயலாத ஒரு திரிபினத்தை எடுத்துப் பார்த்தபோது, தாயினம் 10.8 வரை வளர, இது 10.4-லேயே நின்றுவிட்டது, உள்ளிருக்கும் காரத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் குன்றியிருந்தது. அந்தச் சங்கிலிக்குரிய 'டுப்-ஏ' என்னும் ஒற்றை மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் மூன்று குறைகளும் ஒருசேர நீங்கின. இழப்பையும் மீட்பையும் ஒரே உயிரில் காட்டிவிடும் இத்தகைய சோதனையைவிடத் தெளிவான சாட்சியம் உயிரியலில் கிடைப்பது அரிது.

சுவர் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடுவதாகச் சொல்வது மிகையாகும். சோடியத்தை வெளியேற்றி ஹைட்ரஜன் அயனியை உள்ளிழுக்கும் புரதம் சவ்விலே இல்லாவிடில், எத்தகைய சுவரும் சி-125-ஐக் காப்பாற்றாது. ஆயினும் பலகாலமாகச் சவ்வையும் அதன் புரதங்களையுமே புகழ்ந்துவந்த நாம், சுவரை உயிரற்ற வேலியென ஒதுக்கியது நியாயமன்று என்பது என் துணிபு.

பாசில்லஸ் சூடோபிர்மஸ் ஓ.எஃப்-4 என்னும் மற்றோர் இனம் வேறு வழியைக் கைக்கொண்டது. சுவருக்கும் புறம்பே, அமிலத்தன்மை மிகுந்த ஒரு புரதத்தை அது போர்வையாகப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கியபோது, 11 என்னும் கடுங்காரத்தில் வளர்ச்சி தடுமாறியது எதிர்பார்த்ததே. வியப்பளித்தது யாதெனில், 7.5 என்னும் சாதாரண நீரில் போர்வையிழந்த இனம் தாயினத்தைவிட நன்றாக வளர்ந்தது என்பதாகும். காரம் இல்லாத நாளிலும் அந்தப் பாக்டீரியா இந்தச் சுமையைச் சுமந்து, தன் வளர்ச்சியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, நீர் எக்கணம் மாறினாலும் தாங்குவதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றது.