ஓலாவின் மரணமும் ஆளிவிதை எண்ணெயும்

நார்வேயின் ஸ்டிக்லஸ்டாட் போர்க்களத்தில் 1030 ஜூலை 29 அன்று மன்னர் இரண்டாம் ஓலாவ் கொல்லப்பட்டார். தோற்ற மன்னர் வெகு சீக்கிரமே புனிதரானார். நாட்டின் தலையாய வேதசாட்சியும் ஆனார். 1300-களின் தொடக்கத்தில் பெயர் தெரியாத ஓர் ஓவியர் அந்தக் கொலையை மரப்பலகையில் தீட்டினார். ஒருவன் கோடரியால் காலை வெட்டுகிறான், ஒருவன் வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான், மூன்றாமவன் கழுத்தில் வாளை இறக்குகிறான். 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்துர்லுசோன் எழுதிய அரசர் வரலாறும் இதே மூன்று காயங்களைத்தான் சொல்கிறது. பலகையின் நடுவே ஓலாவ் கையில் கோடரியோடு நிற்கிறார். கொன்ற ஆயுதமே புனிதரின் அடையாளமாகிவிடுவது கிறிஸ்தவக் கலையின் வழக்கம். தமிழகத்துக் கோயில்களில் செபஸ்தியார் சுரூபத்தை அம்புகளை வைத்தே இன்னாரென்று கண்டுகொள்வதும் அதனால்தான்.

ஓஸ்லோவுக்கென்று தனியாக ஒரு வேதசாட்சி உண்டு. திருட்டுப் பழி சுமத்தப்பட்ட கர்ப்பிணி ஒருத்தியைக் காப்பாற்றப் போய், 1043-இல் அம்புகளுக்கு இரையானவர் ஹால்வார். உடலை எந்திரக்கல்லோடு கட்டி டிராமன் கடற்கழியில் எறிந்தார்கள், அது மிதந்து வந்தது என்கிறது மரபு. அந்தக் கல்லையும் மூன்று அம்புகளையும் ஏந்திய ஹால்வார்தான் இன்றும் ஓஸ்லோவின் நகர முத்திரை. 

ஓலாவ் பலகை பீடத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் வகையைச் சேர்ந்ததல்ல. பூசை நடக்கும் பீடத்தின் முன்பக்கத்தை மறைக்கும் பீட முன்பலகை அது. ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடையில் வரையப்பட்ட இத்தகைய பலகைகள் நார்வேயில் முப்பதுக்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை பெர்கன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும் ஓஸ்லோவின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஓலாவ் பலகை நீண்ட காலம் கோபன்ஹேகனில் இருந்துவிட்டு, ஓலாவ் இறந்த 900ஆம் ஆண்டான 1930-இல் நாடு திரும்பியது. 1349-இல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனதோடு இந்தக் கலையும் ஏறக்குறைய நின்றது. எஞ்சியவை தப்பியதற்கு ஒரு காரணம் வறுமை எனலாம். பழையதைக் கழித்துப் புதியது செய்யக் கிராமத்துக் கோயில்களிடம் பணமில்லை.

இந்தப் பலகைகளை ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஊன் ப்ளாட்டர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வண்ணம் உதிர்ந்த விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அடியில் விலங்குப் பசையில் குழைத்த சுண்ணாம்புக்கல் தூள். அதன்மேல் வண்ணங்கள்: பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கச் சிவப்பு, செம்புத் துருப் பச்சை, அசுரைட் என்னும் செம்புத் தாது நீலம், ஆர்சனிக் சேர்ந்த அரிதார மஞ்சள், ஈய வெள்ளை. நஞ்சில்லாத நிறம் குறைவுதான். பொன்னாக மின்னும் பின்னணி பெரும்பாலும் பொன்னே அல்ல. வெள்ளித் தகட்டின் மேல் மஞ்சள் மெருகெண்ணெய் பூசியிருக்கிறார்கள். அசல் தங்க ரேக்கு ஒட்டும் தஞ்சாவூர் ஓவியர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்று வேலையாகப் படலாம்.

இந்த நிறங்களை எதில் குழைத்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. முட்டை மஞ்சள் கருவில் அல்ல, உலரும் எண்ணெயில், அதாவது ஆளிவிதை எண்ணெயில்.

எண்ணெய் வண்ணம் 'உலர்வது' தண்ணீர் காய்வது போன்றதல்ல. எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். அந்தப் பிணைப்புகளை ஒட்டிய இடங்களில் காற்றின் ஆக்சிஜன் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாகின்றன. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதைச் சுவரில் பூசினால் வருடக்கணக்கில் பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஈய வெள்ளை இந்த வினையை விரைவுபடுத்துகிறது. அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2, எண்ணெயினுடையது ஏறத்தாழ 1.5. இந்த வேறுபாட்டால் எண்ணெயில் குழைத்த பின்பும் அது வெண்மையாகவே நிற்கிறது. சுண்ணாம்புக்கல் தூளின் எண் எண்ணெயோடு நெருங்கியிருப்பதால் அது எண்ணெயில் மங்கி, ஊடுருவித் தெரியத் தொடங்கும். நார்வே ஓவியர்கள் சுண்ணாம்பைப் பசையோடு அடியில் நிறுத்திக்கொண்டு ஈய வெள்ளையை எண்ணெயோடு மேலே கொண்டு வந்தார்கள். ஒளிவிலகல் எண் என்ற பேச்சே பிறக்காத காலம் அது; கைப்பழக்கம் போதுமானதாக இருந்தது.

எழுநூறு ஆண்டு பழைய துணுக்கில் எந்த எண்ணெய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லினோலெனிக் அமிலம் எப்போதோ சிதைந்துபோயிருக்கும். அது சிதைந்தால் அசலாயிக் அமிலம் உண்டாகும். வாயு நிறப்பகுப்பில் அது மிகுதியாகத் தென்பட்டால் உலரும் எண்ணெய், மிகக் குறைவாக இருந்தால் முட்டை. பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் எளிதில் மாறுவதில்லை. ஆகவே அவற்றின் விகிதமே எண்ணெயின் ஊரைச் சொல்லிவிடும்: ஆளிவிதையில் விகிதம் தாழ்ந்தும், வாதுமைக்கொட்டையில் சற்று உயர்ந்தும், கசகசாவில் இன்னும் உயர்ந்தும் இருக்கும்.

நார்வேப் பலகைகளில் இருப்பது ஆளிவிதை எண்ணெய் என்ற முடிவு கலை வரலாற்றின் பழைய கதை ஒன்றை அசைத்தது. எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் ஃபிளாண்டர்ஸின் யான் வான் ஐக் என்று 1550-இல் இத்தாலிய வரலாற்றாசிரியர் வசாரி எழுதிவைத்தார். வான் ஐக் சகோதரர்களின் கென்ட் பீட ஓவியம் 1432-இல் முடிந்தது. ஃபுளோரன்ஸின் பொல்லாயுவோலோ சகோதரர்கள் எண்ணெயில் தீட்டிய செபஸ்தியாரின் வேதசாட்சி மரணம் 1475-ஐச் சேர்ந்தது. ஓலாவின் கொலை இவற்றுக்கெல்லாம் நூறாண்டுக்கு மேல் முந்தியது. கிழக்கே போனால் காலம் இன்னும் பின்னுக்குச் செல்கிறது: ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் இருப்பதை கிரனோபிலின் சின்க்ரோட்ரான் ஆய்வு 2008-இல் காட்டியது. வான் ஐக்கின் பெருமை கண்டுபிடிப்பில் இல்லை. ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, துணியையும் தோலையும் உலோகத்தையும் அப்படியே கண்முன் நிறுத்தியதில்தான் இருக்கிறது.

பலகைகளைப் பாதுகாப்பவர்களுக்கு இந்த வேதியியல் அன்றாடத் தேவை. முற்றிய எண்ணெய்ப் படலம் பல கரைப்பான்களைத் தாங்கும். வெள்ளித் தகட்டின் மேலிருக்கும் மஞ்சள் மெருகு தாங்காமல் போகலாம். பிற்காலத்தில் பூசிய அழுக்கேறிய வார்னிஷ் என்று எண்ணி அதைத் துடைத்துவிட்டால் 'பொன்' போய் வெள்ளி வெளியே வரும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு அதுவும் கறுக்கும்.