தண்ணி தெளித்தலும் தாரை வார்த்தலும்

பையன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையென்றால் நம் வீடுகளில் ஒரு வார்த்தை உண்டு: ‘அவனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு.’ பெண்ணுக்கு அந்த வார்த்தை கிடையாது. வயதுக்கு வந்ததும் அவளுக்கு மஞ்சள் நீர், பிறகு மணப்பந்தலில் தாரை நீர். நிலத்தையோ உரிமையையோ பறிகொடுத்தவனைப் பற்றியும் ‘தாரை வார்த்துட்டான்’ என்றுதான் பேசுகிறோம். ஒன்று கைகழுவுவது, இல்லாவிட்டால் கைமாற்றுவது. வளர்ந்த பிள்ளையை அதன் போக்கில் விட்டு, உறவும் அறுபடாமல் இருப்பதற்கு ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை. இருப்பவை உடைமையாளனின் சொற்கள்.

இந்த உடைமைக் கருத்தியல்மீது பலமான அடி ஒன்று விழுந்தது எங்கள் ஊரில்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது 16க்கு மேற்பட வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்க ஆணுக்கும் பெண்ணுக்கும் சாதி மதம் பாராத முழு உரிமை வேண்டும், சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தது. அதே ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு வைத்த வயது 14தான். சுயமரியாதைத் திருமணம் சட்ட ஏற்புப் பெற 1967 ஆனது. சொத்துரிமைக்கு 1989, அதாவது முழுசாக 60 ஆண்டுகள். தெரிந்த கதைதான். அந்த மாநாட்டின் பேரப்பிள்ளைகளாகிய நாம் பதினைந்து வயது மகளிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே என் கேள்வி. மேடையில் பெண் விடுதலை பேசுகிற தோழர் ராத்திரி மகளின் செல்போனை வாங்கித் துழாவுகிறார். (நானும்தான்.)

மகள் விரும்பியவனோடு போய்விட்டால் இன்று தாரை நீரின் இடத்தில் எஃப்.ஐ.ஆர். வந்து நிற்கிறது. 2012இன் போக்சோ சட்டம் குழந்தைகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்க வந்தது. அது வேண்டும், சந்தேகமேயில்லை. ஆனால் 18 வயது நிரம்பாதவரின் சம்மதத்தை அது கணக்கில் கொள்வதில்லை. பையன் வேறு சாதியென்றால் அந்த இடைவெளி பெற்றோருக்கு வசதியாகப் போய்விடுகிறது. வளரிளம் பருவத்தாரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற அதிகாரமும் சாதி அதிகாரமும் அரசதிகாரமும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் காவல் நிலையம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரையில் எடுக்கப்பட்டு 2019இல் வந்த ‘கமலி’ என்ற குறும்படம் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. இயக்கம் சாஷா ரெயின்போ. மீனவக் குப்பத்துச் சிறுமி ஸ்கேட்போர்டு ஓட்டுகிறாள். வெளிநாட்டுக் கேமராவுக்குத் தோதான படிமம் என்று நாம் சந்தேகப்படலாம், படவும் வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அம்மாதான். தனக்குக் கிடைக்காத வெளியை மகளுக்குத் திறந்துவிடுகிற ஒருத்தி. கமலி பின்னர் அலைச்சறுக்கில் தேசிய அளவிலும் வென்றார்.

அலைச்சறுக்குப் பழகுவதை அங்கே வேடிக்கை பார்த்திருக்கிறேன். முதலில் பலகையைப் பின்னாலிருந்து தள்ளிவிட ஆள் உண்டு. அப்புறம் எந்த அலையை எடுப்பது, எதை விடுவது என்று பிள்ளையேதான் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கத்தினால் இரைச்சலில் கேட்காது. ஆபத்து இல்லையா என்றால், உண்டு. இழுப்பு உள்ள கடல். குப்பத்துப் பையன்களுக்கு அந்த இழுப்பு சின்ன வயசிலேயே பழக்கம், அதனால் விடுகிற அன்றைக்குப் புதுசாக ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கு அங்கேயும் அந்தப் பழக்கம் குறைவுதான். நாமோ பதினைந்து வருஷம் பொத்திவைத்து, எதையும் கற்றுக்கொடுக்காமல், பதினாறாவது வருஷம் ‘உலகம் கெட்டுக்கிடக்கு’ என்கிறோம்.

போன மாதம் என் மகள் சிநேகிதிகளோடு மாமல்லபுரம் போனாள். பதினேழு வயது. போன் செய்வதில்லை என்று ஒப்பந்தம். செய்யவில்லை. சாயந்தரம் ஆறு மணிக்கு மட்டும், சும்மா டீ குடிக்கப் போவதுபோல், பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் போய் நின்றேன். இரண்டு டீ ஆயிற்று. தலையெல்லாம் மணலோடு இறங்கியவள் நேரே என்னிடம் வந்தாள்.

‘ஏம்ப்பா, வேவு பாக்க வந்தியா?’

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது டீயை அவளுக்குச் சொன்னேன்.