விட்டு வந்த நகரமும் படைப்பு மனமும்: அசோகமித்திரனின் செகந்திராபாத்

முன்னுரை

பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எழுதும் படைப்பாளர் பலரிடம் ஏக்கமே மேலோங்கி நிற்கக் காண்கிறோம். இழந்த வீட்டையும் மறைந்த மனிதரையும் போற்றும் போக்கு அது. அசோகமித்திரன் (1931–2017) இப்போக்கினின்று விலகியவர். அவர்தம் செகந்திராபாத் நினைவுகள் எவ்வாறு படைப்பாக உருப்பெற்றன என்பதை ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலின்வழி இங்கு நோக்குவோம்.

ஊரும் காலமும்

ஜ. தியாகராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தையார் நிஜாம் அரசின் இரயில்வேயில் பணியாற்றியவர். தந்தையின் மறைவுக்குப் பின், 1952இல் அவர் சென்னையில் குடியேறினார். 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் பணிபுரிந்தார்.

சென்னையின் நீர்ப் பற்றாக்குறையைப் பேசும் ‘தண்ணீர்’ நாவல் 1973இல் நூலாயிற்று. அது அவர் வாழ்ந்துகொண்டிருந்த நகரம். செகந்திராபாத்தோ விட்டு வந்த நகரம். நாவல் காட்டும் நிகழ்வுகளுக்கும் அது வெளிவந்த ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளியை ஆசிரியர் எவ்வாறு கையாண்டார் என்பதே நம் வினா.

அறிந்ததை ஒதுக்கிவைத்தல்

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றபோது ஐதராபாத் சமஸ்தானம் அதனுடன் இணையவில்லை. ரஜாக்கர் படையினரின் வன்முறை, அகதிகளின் வருகை, மக்களிடையே வளர்ந்த அச்சம் ஆகியவற்றுக்குப் பின், 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நடந்த இராணுவ நடவடிக்கையில் நிஜாம் ஆட்சி முடிவுற்றது. நாவலை எழுதியவருக்கு இம்முடிவு தெரியும். நாவலின் நாயகனான சந்திரசேகரனுக்குத் தெரியாது.

அவன் தமிழ்க் குடும்பத்து இளைஞன். தந்தை இரயில்வே ஊழியர். அவனுடைய உலகம் கிரிக்கெட், கல்லூரி, நண்பர்கள் என்னும் எல்லைக்குட்பட்டது. அரசியல் அவனுக்குத் தலைவர்களின் சொற்பொழிவாக வருவதில்லை; அன்றாட வாழ்வின் இடையூறாகவே வந்து சேர்கிறது. பிற்காலத்தில் தாம் பெற்ற வரலாற்றறிவை அவ்விளைஞனின் வாயில் ஆசிரியர் திணிப்பதில்லை. படைப்பாற்றல் என்பது நினைவில் உள்ள அனைத்தையும் கொட்டுவதன்று. அன்று அறிந்திராததை அறியாததாகவே விட்டுவைக்கும் கட்டுப்பாடும் ஆகும் என்பதை இங்கு உணர்கிறோம்.

நாவலின் இறுதிப் பகுதி இக்கட்டுப்பாட்டின் பயனைக் காட்டுகிறது. கலவரத்தினூடே ஓடும் சந்திரசேகரன் ஓர் இஸ்லாமியக் குடும்பம் ஒளிந்திருக்கும் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறான். குடும்பத்தைக் காக்க வேண்டி ஓர் இளம்பெண் தன்னையே அளிக்க முன்வருகிறாள். அவன் கூசி வெளியே ஓடுகிறான். அதுவரை அஞ்சி வாழ்ந்தவன், தான் பிறரால் அஞ்சப்படுபவனாகிவிட்டதை ஒரு கணத்தில் உணர்கிறான். இக்காட்சிக்குப் பின் அந்நகரை வெறும் ஏக்கத்துடன் நினைவுகூர இயலாது. கடந்த காலம் அங்கே இன்பக் களஞ்சியமாக அன்றி, மனசாட்சியின் வினாவாக நிற்கிறது.

முடிவுரை

தோட்டப்புற வாழ்வைப் பின்புலமாகக் கொண்ட மலேசியத் தமிழ்ப் படைப்புகளைக் கற்பிக்கும் நமக்கு இந்நாவல் ஓர் அளவுகோலைத் தருகிறது. பழைய வாழ்வைப் பற்றி மாணவர் எழுதும்பொழுது, ‘அன்று அங்கிருந்தவர் எதை அறிந்திருந்தார்? எதை அறியாதிருந்தார்? யாருக்கு அஞ்சினார்? அவருக்கு அஞ்சியவர் யார்?’ என வினவச் செய்யலாம். இவ்வினாக்களுக்கு விடை தேடும் எழுத்தே, ஊரைப் போற்றுவதோடு நின்றுவிடாமல், ஊரை உள்ளவாறு காணவும் துணைபுரியும்.