எலும்பினுள் ஒளிந்திருக்கும் பகை

காலிற் பட்ட ஆழ்ந்த புண் ஆறிவிட்டது, காய்ச்சலும் தணிந்துவிட்டது. ஆயினும் எலும்பினுள்ளே கிருமி உயிரோடிருத்தல் கூடும். பெரும்பாலும் 'ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ்' என்னும் பற்றீரியாவே இந்நோயை விளைப்பது.

எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தாலென்ன என்று நேயர்கள் வினவலாம். ஜேர்மன் அறிஞர் ரோண்ட்கன் 1895ஆம் ஆண்டிற் கண்ட அக்கதிர், இந்நோயில் உண்மையைத் தாமதித்தே உரைக்கும். எலும்பின் தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 வீதம் கரைந்த பின்னரே படத்தில் மாற்றம் தெரியும். அதற்குள் இரண்டு வாரங்கள் கழிந்துவிடும்!

அவ்விரு வாரங்களில் உள்ளே நிகழ்வது யாது? அதனை அறிய, முயலின் காலெலும்பிற் கிருமியைப் புகுத்தி ஆராய்ந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் சில முயல்களைக் கொன்று எலும்பை அறுத்துப் பார்த்தனர். ஒரே உயிரில் நோய் வளர்ந்த கதையை அம்முறையால் முழுமையாய்க் காண இயலவில்லை.

இன்று ஆய்வாளர் கையாளும் உபாயம் வியப்பூட்டுவது. நூற்புழுக்களோடு வாழும் ஒருவகைப் பற்றீரியா மின்மினிபோல் ஒளிர்வது. அதன் ஒளிதரும் மரபணுக்களை நோய்க்கிருமியிற் பதித்துச் சுண்டெலியின் எலும்பிற் செலுத்துகின்றனர். பின்னர் எலியை மயக்கி, இருட்டறைப் பெட்டியில் வைத்து, நுண்ணொளியையும் உணரும் கமராவாற் படமெடுக்கின்றனர். கிருமி பெருகினால் ஒளி கூடும். மருந்து பலித்தால் மங்கும். அதே எலியை நாள்தோறும் பார்க்கலாமாதலால், கொல்லப்படும் எலிகளின் தொகை குறைகின்றது. எலியின் நோவு குறைந்ததென்று மட்டும் எம்மாற் கூற இயலாது.

நுண் சீ.ரீ. படம் எலும்பின் அரிப்பை அளக்கும். கதிரியக்கச் சீனியைச் செலுத்தி எடுக்கும் 'பெற்' படம் அழற்சியுள்ள இடத்தைக் காட்டும். ஆனால் அது சத்திரசிகிச்சைப் புண்ணையும் நோயென மயங்கச் செய்வதுண்டு. ஒளிப்படத்திற்கும் ஒரு குறையுண்டு: உறங்கும் கிருமி ஒளி வீசாது. மருந்தை நிறுத்தியபின், அணைந்ததென எண்ணிய ஒளி அதே எலும்பில் மீண்டும் எழுந்ததை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.