பூங்காவருகே ஒரு மாடிவீடு: உறுதியில் இருப்பதும் இல்லாததும்

இலங்கையில் ஆடம்பரத் தொடர்மாடி வாழ்க்கையைப் பற்றிய பேச்சு எழும்போது, கொழும்பு 7 எனப்படும் கறுவாத்தோட்டமும் அதை அண்டிய பகுதிகளுமே பெரும்பாலும் முன்னிற்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் கறுவா பயிரிடப்பட்ட இந்நிலம், ஆங்கிலேயர் ஆட்சியில் அகன்ற வீதிகளும் நிழல்மரங்களும் பெரிய வளவுகளும் கொண்ட செல்வந்தர் குடியிருப்பாக மாறியது. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலை, விக்டோரியா பூங்கா என்ற பெயரில் தொடங்கிய இன்றைய விகாரமகாதேவி பூங்கா, அதன் எதிரே நிற்கும் வெள்ளை நிற நகர மண்டபம், சற்றுத் தள்ளியுள்ள சுதந்திர சதுக்கம் ஆகியவை இப்பகுதியின் அடையாளங்கள். கொழும்பைப் பூங்கா நகரமாக வளர்க்க வேண்டும் என்ற கருத்தை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் 1921ஆம் ஆண்டின் தமது அறிக்கையில் முன்வைத்தார். இன்று அந்த மரநிழலே வீட்டு விலையை ஏற்றும் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது.

காணி விலையே மாடிகளை உயர்த்துகிறது. இலங்கையில் காணியை அளக்கும் பேர்ச் என்பது சுமார் 272 சதுர அடி. ஓர் ஏக்கரில் 160 பேர்ச் அடங்கும். கறுவாத்தோட்டத்தில் ஒரு பேர்ச்சின் விலை ஒரு கோடி ரூபாவைத் தாண்டிவிட்ட நிலையில், ஒரு குடும்பம் வாழ்ந்த பழைய வளவில் பல குடும்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேற்றினால்தான் முதலிட்ட பணம் திரும்பும். போர் முடிந்த 2009க்குப் பின்னர் இத்தகைய கட்டடங்கள் விரைவாகப் பெருகின. கட்டடக் கலைஞர் மோஷே சப்டி வடிவமைத்த ‘அல்டெயார்’ இரட்டைக் கோபுரம் பேரை வாவியின் அருகே எழுந்தது. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையின் ஓரத்தில், பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்தில், தனக்கென ஒரு பூந்தோட்டத்தையும் வைத்துக்கொண்டு ‘ஹவ்லொக் சிற்றி’ எழுந்தது. வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்திய 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்களித்தது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை எடுக்காத புலம்பெயர் தமிழர் பலர் ஊரில் வளவு வாங்குவதைவிடக் கொழும்பில் மாடிவீடு வாங்குவதை எளிதாகக் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடிவீட்டை வாங்குபவர் உண்மையில் எதற்கு உரிமையாளராகிறார் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. பல உரிமையாளர்கள் பிரித்தும் சேர்த்தும் ஆளும் இத்தகைய கட்டடத்தைச் சட்டமொழி ‘கூட்டாதனம்’ என்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் இதை நெறிப்படுத்துகின்றன. உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத முடியும். வரைபடத்தில் வேறுவிதமாகக் குறிக்கப்படாவிட்டால், அடுத்த வீட்டுடனான எல்லை சுவரின் நடுவிலும், மேல்வீட்டுடனான எல்லை கூரைத்தளத்தின் நடுவிலும் அமைகிறது. காணி, அத்திவாரம், படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த்தாங்கி, மொட்டைமாடி ஆகியவை ‘பொதுக் கூறுகள்’. அவற்றில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கை வீட்டிலிருந்து பிரித்துத் தனியே விற்க இயலாது.

இந்தப் பொதுக் கூறுகளைப் பராமரிப்பது உரிமையாளர் அனைவரும் உறுப்பினராகும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. இத்தகைய அமைப்புகளை மேற்பார்வை செய்யக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இயங்குகிறது. மாதப் பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் வீட்டின் பரப்பைக் கொண்டு கணிக்கப்படுகிறது. சதுர அடிக்கு 20 ரூபா என வைத்துக்கொண்டால், 1,500 சதுர அடி வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாவாகும். நீச்சல் தடாகத்தில் ஒருநாளும் இறங்காதவரும் இதைச் செலுத்தியே ஆக வேண்டும். இதற்கு மேலாக, லிஃப்டை மாற்றுவது, வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுவது போன்ற பெருஞ்செலவுகளுக்கான சேமிப்பு நிதியும் தேவை. அந்நிதியைத் தொடக்கத்திலேயே சேர்க்காத கட்டடத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்ததும் லிஃப்ட் பழுதாகி நிற்க, பணம் யார் தருவது என்ற வழக்கு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இடையே மூள்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ஜெனரேட்டரும் அதற்குரிய டீசலும் இல்லாத உயர்மாடியில் லிஃப்ட் ஓடாது, தண்ணீர் மேலேறாது என்பது பலருக்கும் உறைத்தது.

விளம்பரப் பலகையில் பெரிதாகத் தெரியும் பூங்கா, உறுதியின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை. விகாரமகாதேவி பூங்கா கொழும்பு மாநகர சபைக்குரியது. மாலை நேரத்தில் அங்கே மருதானையிலிருந்து பேருந்தில் வந்த குடும்பமும் எதிர்மாடியிலிருந்து இறங்கி வந்த செல்வந்தரும் ஒரே பாதையில் நடக்கின்றனர். மாடிமுகப்பிலிருந்து தெரியும் பசுமைக்காட்சியையும் உறுதி காப்பதில்லை. முன்னாலுள்ள வளவில் நாளை இன்னொரு கோபுரம் எழுந்தால், அதிக விலை கொடுத்து வாங்கிய காட்சி சுவராகிவிடும். ஆகவே பூங்காவுக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், மாநகர சபையின் பராமரிப்பையும் அயலவரின் கட்டடத் திட்டத்தையும் நம்பியே கொடுக்கிறார்.

கொழும்பின் இந்நிலைக்கு மாறாக, திருகோணமலை மாவட்டத்தில், கண்டி வீதியோரக் கப்பல்துறை போன்ற இடங்களில், வீடு என்றால் இன்றும் வளவும் கிணறும் மதிலும்தான். ஆயினும் துறைமுகத்தையும் கைத்தொழில் வலயத்தையும் முன்வைத்து இம்மாவட்டத்துக்குப் பெரிய அபிவிருத்தித் திட்டங்கள் வரையப்பட்டு வருகின்றன; உள்துறைமுகத்தைப் பார்த்தபடி உயர்மாடிகள் எழுவதற்கும் காலம் வரலாம். அக்காலம் வருமுன்னரே கடற்கரையையும் மைதானங்களையும் பொதுவெளியாகப் பதிந்து காப்பது உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பு. கட்டடம் எழுந்தபின் பூங்காவுக்குக் காணி தேடினால் கிடைக்காது. கொழும்பிலோ திருகோணமலையிலோ மாடிவீடு வாங்க எண்ணுபவர், பளிங்குத் தரையையும் பூங்காக் காட்சியையும் பார்ப்பதற்கு முன்னர், பதியப்பட்ட கூட்டாதன வரைபடத்தையும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்கையும் நொத்தாரிசு ஒருவரிடம் காட்டித் தெளிவுபெற வேண்டும்.